நூறு வோல்ட் வாளும் இருநூற்று முப்பது வோல்ட் சுவரும்

மாங்குளத்திலும் சுற்றுவட்டாரத்திலும் தச்சுப் பட்டறை, வெல்டிங் கடை, அலுமினிய வேலைத்தலம் நடத்துவோருக்கும், அங்கே தொழில் பழகும் பொடியன்களுக்கும் ஒரு திறந்த மடல்



வவுனியாப் பக்கமிருந்து வரும் லொறிகள் மாங்குளம் சந்தியில் வேகம் குறைக்கும்போது, வீதியோரத் தகரக் கொட்டில் ஒன்றிலிருந்து வட்டவாள் சத்தம் கேட்கும். முதிரை அறுபடுகிறதா தேக்கு அறுபடுகிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் ஆட்கள் இங்கே உண்டு. போரால் இடம்பெயர்ந்த ஆட்கள் 2010இல் திரும்பி வரத் தொடங்கி, 50,000 வீடுகள் என்று அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டமும் சேர்ந்துகொண்டபோது, நிலைக்கும் யன்னலுக்கும் ஏற்பட்ட தேவையில் வளர்ந்தவை இந்தப் பட்டறைகளில் பல. பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. சில வாரங்களுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போனது. புது மெசின் வாங்க நினைத்திருந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் கிடைக்கும் ஜப்பான் ‘றீகண்டிஷன்’ சாமானைத் தேடத் தொடங்கினார்கள்.

அதில் பிழை ஒன்றும் இல்லை. ஜப்பானில் பத்து வருடம் உழைத்த மெசின், தரம் தெரியாத புது மெசினைவிட நீண்டகாலம் நிற்கலாம். ஆனால் பழைய மெசினோடு சேர்ந்து அதன் பழைய வருத்தங்களும் வரும். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைத் தவறவிட்டுக் கையில் எடுத்ததும் மோட்டருக்குள் சுழலும் ஆமேச்சரைக் கழற்றுகிறவர்கள், ஐம்பது ரூபாப் பழுதுக்குப் பல ஆயிரங்களைக் கொடுக்கிறார்கள்.

ஒழுங்கின் முதல் படி, மெசினைத் திறப்பதற்கும் முந்தியது. அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டைப் படிப்பது. இலங்கையின் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பான் வீடுகளில் இருப்பது 100 வோல்ட். அங்கே அலைவெண்ணும் ஒன்றல்ல: தோக்கியோ உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் 50, ஒசாக்கா உள்ளிட்ட மேற்குப் பகுதியில் 60. 1890களின் நடுவில் தோக்கியோ கம்பனி ஜேர்மனியில் இருந்தும் ஒசாக்கா கம்பனி அமெரிக்காவில் இருந்தும் ஜெனரேற்றர் வாங்கியதால் வந்த பிரிவு அது; இன்றுவரை தீரவில்லை. கையில் பிடித்து வேலை செய்யும் வாள், ட்ரில், கிரைண்டர் போன்றவற்றுக்கு 50ஆ 60ஆ என்பது பெரிய காரியமில்லை. 100ஆ 230ஆ என்பது உயிர்க் காரியம்.

நூறு வோல்ட் வாளைத் தவறுதலாக நேரே சுவரில் குத்தினால் என்ன நடக்கும்? வோல்ட் 2.3 மடங்கு ஏறும்போது, அதே கம்பிச் சுருளில் உண்டாகக்கூடிய சூடு அதன் வர்க்கமாக, ஐந்து மடங்குக்கும் மேலே ஏறும். மெசின் முதலில் அசுர வேகத்தில் பாயும். பார்த்துக்கொண்டிருப்பவர் “என்ன இழுவை!” என்று வாயைப் பிளப்பார். அடுத்தது வார்னிஷ் எரிகிற மணம். அந்த மணம் வந்த பிறகு சுவிட்சை விட்டும் பெரிய பலன் இராது.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் சாமானுக்கும் இதே கேள்விதான். கனடாவில் இருக்கும் மாமா அனுப்பும் ட்ரில் 120 வோல்ட். ஜப்பான் சாமானைப் போலவே இதற்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும், ஆனால் 100 வோல்ட் ட்ரான்ஸ்போமரில் ஓடவிட்டால் இழுவை குறையும். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் சாமான் 230 வோல்ட். முனை மட்டுந்தான் வேறு. லண்டனில் இருந்து வருவது வோல்ட்டிலும் முனையிலும் நம்முடையதோடு பொருந்தும், ஒன்றைத் தவிர: அங்கே கட்டட வேலைத்தளங்களில் மஞ்சள் முனையோடு பாவிக்கும் மெசின்கள் 110 வோல்ட். ஆளுக்கு ஷொக் அடித்தாலும் உயிர் போகாதிருக்க அவர்கள் வைத்த ஏற்பாடு அது. மஞ்சள் முனையை வெட்டிவிட்டுச் சதுர முனையைப் பூட்டினால் மெசினும் போகும், அந்த ஏற்பாடும் போகும்.

ட்ரான்ஸ்போமர் விடயத்தில் மாங்குளத்துப் பட்டறைகள் கவனிக்க வேண்டியது மூன்று. அளவு முதலாவது: 1000 வாற்ஸ் வாளுக்கு 1000 வோல்ட்-அம்பியர் ட்ரான்ஸ்போமர் காணாது. தொடங்கும் கணத்தில் மோட்டர் இழுக்கும் கரண்ட் பல மடங்கு என்பதால் 1500க்கும் 2000க்கும் இடைப்பட்டதையாவது வாங்க வேண்டும்.

இரண்டாவது, நீட்டு வயரை எந்தப் பக்கம் போடுவது என்பது. இது பலர் யோசிக்காதது, கணக்கைப் பார்த்தால் விளங்கும். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 30 மீற்றர் நீளம் என்றால், போய் வரும் இரண்டு கம்பிக்கும் சேர்த்துத் தடை சுமார் ஒன்றரை ஓம். அந்த வயரை ட்ரான்ஸ்போமருக்கும் வாளுக்கும் நடுவே போட்டால் 1000 வாற்ஸ் வாள் 10 அம்பியர் இழுக்கும். வயரிலேயே 15 வோல்ட் தொலைந்து வாளுக்கு 85தான் மிஞ்சும். அதே வயரைச் சுவருக்கும் ட்ரான்ஸ்போமருக்கும் நடுவே போட்டால் கரண்ட் நாலரை அம்பியருக்குள் நிற்கும். தொலைவது 230இல் ஏழு வோல்ட்டுக்கும் குறைவு. ட்ரான்ஸ்போமரைத் தூக்கிக்கொண்டு வாளுக்குப் பக்கத்தில் போவது நாரி நோகும் வேலைதான். ஆனாலும் அதுதான் சரி.

மூன்றாவது ஆபத்தானது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் பல, ஒரே சுருளில் நடுவே கம்பி எடுத்த ஓட்டோ ட்ரான்ஸ்போமர். 100 வோல்ட் பக்கம் என்று நாம் நினைப்பது சுவரில் இருந்து பிரிக்கப்பட்டதே இல்லை. லைனும் நியூற்றலும் மாறிப் போயிருந்தால் ‘நூறு வோல்ட்’ வயரின் ஒரு கம்பி நிலத்தோடு ஒப்பிட 230 வோல்ட்டிலும் மற்றது 130 வோல்ட்டிலும் நிற்கும். பொதுவான சுருள் உள்ளே அறுந்தால், 230க்குக் கிட்டிய வோல்ட் முழுவதும் வாளுக்குள் இறங்கும். ஆகவே, ‘நூறு வோல்ட்தானே, அடித்தால் சும்மா கூசும்’ என்று கையால் தொட்டுப் பார்க்கிற வீரத்தை இன்றோடு விட்டுவிடுவது நல்லது.

இனி மெசினுக்குள் போகலாம்.

எடுத்துக்காட்டாக 190 மில்லிமீற்றர் வட்டவாள் ஒன்று. ட்ரான்ஸ்போமர் சரி, வோல்ட் சரி. நேற்றுவரை ஓடியது; இன்று வேலையின் நடுவே நின்றுவிட்டது. தட்டினால் ஓடுகிறது, வைத்து எடுத்தால் நிற்கிறது. முதல் வேலை பிளக்கைக் கழற்றி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மேசையின் மேலேயே வைப்பது. வேறொருவர் வந்து ‘உதவியாக’ அதைச் சுவரில் குத்திவிடுகிற இடம் பட்டறை. பிறகு பிளக்கின் இரண்டு முனைகளிலும் மல்ரிமீற்றரின் கம்பிகளை வைத்து, ஓம் பக்கம் திருப்பி, வாளின் விசையை அழுத்த வேண்டும். நல்ல மெசின் என்றால் சில ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கேயோ அறுந்திருக்கிறது. எண் துள்ளித் துள்ளி மாறினால் எங்கேயோ தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

விசையை அழுத்தியபடியே, வயர் மெசினின் பிடிக்குள் நுழைகிற கழுத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். பழைய கைமெசின்களில் வயர் போகிற முதல் இடம் அதுதான். வெளியே ரப்பர் தோல் பழுதில்லாமல் இருக்கும். உள்ளே மெல்லிய செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து இரண்டு மூன்றில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மூன்று இழைகளுக்குள் எட்டுப் பத்து அம்பியர் ஓடும்போது கழுத்து சுடும். கையால் தொட்டால் இளஞ்சூடாக இருக்கிற கழுத்து, மீற்றர் இல்லாமலே பழுதைச் சொல்லிவிடும். அந்த இடத்துக்கு மேலே ஒரு சாண் வயரை வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச வயரை உள்ளே பூட்டினால் வாள் மறுபடி வேலை செய்யும். நடுவயரில் முறுக்கி ரேப் சுற்றுவது வேலை அல்ல. பழுதை ஒரு முழம் தள்ளி வைப்பது.

கழுத்து சரி என்றால் அடுத்தது காபன். பல மெசின்களில் மோட்டரின் இரு பக்கமும் நாணயம் அளவு கறுப்பு மூடி இருக்கும். அதைத் திறந்தால் சுருள்வில் துள்ளி வெளியே வரும். அதோடு காபன் பிறஷும். ஆறு மில்லிமீற்றர் அளவுக்கு, அல்லது அதில் கீறியிருக்கும் கோடுவரை தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று நீளமாக இருக்கிறதே என்று மிச்சம் பிடிப்பதில் பயனில்லை. தேயாமலே காபன் வேலை செய்யாமல் போவதும் உண்டு. முதிரைத் தூளும் கரித்தூளும் கலந்து கூட்டுக்குள் இறுகி, வில் தள்ளியும் காபன் இறங்காமல் நிற்கும். தட்டினால் ஓடுகிற வாளின் மர்மம் பாதி வேளை இதுதான். உலர்ந்த தூரிகையால் கூட்டைத் துப்புரவாக்கினால் போதும்.

வேறு மெசினின் காபனை அரத்தில் தேய்த்து அளவாக்கிப் போடுவதையும், பழைய ரோச் பற்றரியின் கரித்தண்டை உரித்துப் போடுவதையும் சிலர் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். காபனுக்கும் கடினம், மென்மை என்று தரம் உண்டு. கடினமானது, அது உரசும் கொமியுட்டேற்றரைக் கீறும். பற்றரித் தண்டு தூளாகி உள்ளே படியும். அந்தத் தூள் கரண்ட் கடத்தும்.

காபனை எடுத்த ஓட்டையால் ரோச் அடித்துப் பார்த்தால் கொமியுட்டேற்றரின் செப்புத் தகடுகள் தெரியும். பனங்கட்டி நிறத்தில் சமமாக மண்ணிறப் படலம் இருந்தால் நல்ல அடையாளம். புதுச் செம்பு போல மினுங்கினால் சந்தேகப்பட வேண்டும். விற்றவர் தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார், எதையோ மறைக்க. இரண்டு தகடுகள் மட்டும் கறுத்துக் குழி விழுந்திருந்தால் அவற்றோடு சேர்ந்த சுருள் அறுந்திருக்கிறது. ஓடும்போது காபனுக்கடியில் சின்ன நீலப் பொறி வருவது இயல்பு. கொமியுட்டேற்றரைச் சுற்றி நெருப்பு வளையம் சுழன்றால் சுருள்கள் ஒன்றோடொன்று ஷோர்ட். அப்போதுதான் ஆமேச்சர் என்ற சொல்லையே எடுக்க வேண்டும். மோட்டர் வைண்டிங் கடைக்குப் போகலாமா, மெசினையே உதிரிச் சாமானுக்கு ஒதுக்கலாமா என்ற கணக்கும் அப்போதுதான்.

இங்கே ஒரு குரங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், இலங்கை முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று ட்ரான்ஸ்போமரில் பட்டதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். நாடு சிரித்தது. பின்னர் மின்சார சபை தந்த விளக்கம் அவ்வளவு பகிடியாக இருக்கவில்லை: ஞாயிறு என்பதால் பாவனை குறைவு, வெயில் நேரம் என்பதால் சூரிய மின்சாரத்தின் பங்கு கூட, ஒரு உலுக்கலைத் தாங்கும் பலம் அந்த வேளையில் வலையமைப்புக்கு இல்லை. குரங்கு படாவிட்டால் வேறொன்று பட்டிருக்கும்.

பட்டறையிலும் இதே கதைதான் நடக்கிறது. காபன் தேய்ந்தது, மாற்றினோம், ஓடியது. மூன்று கிழமையில் மறுபடி தேய்ந்தது. காபன் இங்கே குரங்கு. பெயரிங் தேய்ந்து, ஆமேச்சர் ஆடி, கொமியுட்டேற்றர் சுற்றுக்குச் சுற்று காபனைத் தட்டித் தள்ளுகிறது என்பதுதான் உள்ளே இருக்கும் பலவீனம். பிளக்கைக் கழற்றிவிட்டு வாள் தகட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் காபன் வாங்கப் போகும் காசில் பெயரிங்கும் வாங்கி வரலாம்.

மேசை ட்ரில், மேசை வாள், கொம்பிரசர் போன்றவற்றின் மோட்டர் வேறு சாதி. பெரும்பாலானவற்றில் காபன் கிடையாது. முதுகில் ஒரு கப்பாசிற்றர் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால், சந்தேகம் முதலில் கப்பாசிற்றர் மேல் போக வேண்டும். அதில் எழுதியிருக்கும் மைக்ரோபராட் அளவுக்கே மாற்ற வேண்டும்; பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் கரண்ட் நிற்கும் என்பதால், ஒரு தடையை வைத்து இறக்காமல் விரல் வைக்கக் கூடாது. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த ஜப்பான் மோட்டரை இங்கே ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், சூடும் கூடும். பின்னேரங்களில் வோல்ட் இறங்கும் கிராமப் பக்கங்களில் இந்த மோட்டர்கள் இன்னும் பாவம். 230க்கு மேலும் கீழும் ஆறு வீதம் வரைதான் விதி இடம் கொடுக்கிறது. அதாவது 216 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு. மீற்றரில் பார்த்த எண்ணையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் மின்சாரக் கந்தோரில் கதைக்க லேசாக இருக்கும்.

வன்னி ஆட்களுக்குப் பழுது பார்க்கச் சொல்லிக் கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது என்று ஒருவர் சொல்லலாம். நியாயம். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரியே வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோக் கேட்ட ஊர் இது. மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிளை ஓட்டிய ஊர். அந்தக் கைகளுக்குத் தெரியாத சூட்சுமம் இல்லை. ஆனால் அந்தக் காலம் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது: எப்படியாவது ஓட வைத்தால் போதும் என்பது. அன்று அதற்குக் காரணம் இருந்தது. வவுனியாவில் இருந்து 132 கிலோவோல்ட் வழி கிளிநொச்சிக்குப் போய், தேசிய மின்சாரம் சுவருக்குள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்வதற்குக் காரணம் இல்லை.

அதன் மோசமான வடிவம், பழுதான விசையைத் தாண்டி வயரை ‘டிரெக்ட்’ ஆகப் பூட்டுவது. பிறகு வாளைத் தொடங்குவதும் நிறுத்துவதும் சுவர் சுவிட்சில். மரத்தில் தகடு இறுகி, வாள் பின்னுக்கு உதைத்துக் கையை விட்டுப் பாய்ந்தால், அது தரையில் சுழன்றுகொண்டே திரியும். சுவரில் உள்ள சுவிட்ச் நாலு எட்டுத் தள்ளி இருக்கும். விரலை எடுத்ததும் நிற்கவேண்டும் என்பதற்காகவே துப்பாக்கி விசை போன்ற அந்தச் சுவிட்சை வைத்தார்கள்; பிளாக் அண்ட் டெக்கர் அதற்குக் காப்புரிமை எடுத்தது 1917இல். நூறு வருடம் தாண்டிய ஒரு பாதுகாப்பை நூறு ரூபா மிச்சத்துக்காகக் கழற்றுவது சரியல்ல. வேகம் கூட்டிக் குறைக்கும் விசை என்றால், உள்ளிருக்கும் இலத்திரன் பாகம் பழுதாகும்போது மெசின் எப்போதும் முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். அதுவும் விசையை மாற்றச் சொல்கிற அறிகுறியே.

அதே வகையில் இன்னொன்று, பிளக் இல்லாமல் வெறும் வயரை ஓட்டைக்குள் வைத்துத் தீக்குச்சியால் இறுக்குவது. 13 அம்பியர் சதுர முனைதான் தேசிய நியமம் என்று அறிவித்த பிறகும் பட்டறைச் சுவர்களில் உருண்டை ஓட்டைகள் இருப்பதால் இது தொடர்கிறது. சரியான பிளக்கின் விலையை இங்கே எழுதி ஒருவரையும் வெட்கப்படுத்தத் தேவையில்லை.

எர்த் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. மெசினின் பெயர்த்தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் கீறியிருந்தால் அது இரட்டைக் காப்புள்ள மெசின். அதற்கு எர்த் வயர் தேவையில்லை, இரண்டு கம்பி வயரே போதும். அந்த அடையாளம் இல்லாத, இரும்பு உடம்பு மெசினுக்கு மூன்றாவது கம்பி கட்டாயம். இரும்பு மெசினைச் சுவரில் குத்தியதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், விழுந்த ட்ரிப்பைத் திட்டி அதைத் தாண்டி லைன் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 30 மில்லி அம்பியர் என்று எழுதிய ட்ரிப் விழுவது, அவ்வளவு கரண்ட் போகக் கூடாத வழியில் போகிறது என்பதாலேயே. சாதாரண மல்ரிமீற்றர் அந்தக் கசிவைப் பல வேளைகளில் காட்டாது. 500 வோல்ட்டில் சோதிக்கும் மெகர் வேண்டும். பிரித்தானிய நடைமுறையில் எர்த் உள்ள மெசினுக்கு ஒரு மெகாஓம், இரட்டைக் காப்பு மெசினுக்கு இரண்டு மெகாஓம் என்பது குறைந்தபட்ச அளவு. மழைக்காலத்தில் கொட்டிலில் கிடந்த மெசின் இந்தச் சோதனையில் தோற்கும். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டால் சிலவேளை வெல்லும்.

மெகரை ஒவ்வொரு பட்டறையும் வாங்க முடியாது. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, சந்தியில் ஒரு கடையில் வைத்துக்கொள்வது முடியாத காரியமல்ல. உலகமெங்கும் அறியப்பட்ட மகிற்றா கம்பனியே 1915இல் நகோயாவில் மோட்டரும் ட்ரான்ஸ்போமரும் விற்றுத் திருத்தும் கடையாகத் தொடங்கியதுதான். ஜப்பானின் முதல் கைச் சீவுளி மெசினை அது சந்தைக்கு விட்டது 1958இல். திருத்துகிற கடையை லேசாக நினைக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை கொழும்புக்குப் போகிறவர் பையில் ஒரு மல்ரிமீற்றரும் சின்ன ரோச்சும் இருக்கட்டும். கடையில் வெறுமனே சுற்றவிட்டுக் காட்டும்போது எந்த மெசினும் நன்றாகத்தான் ஓடும். ஒரு துண்டு மரத்தை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். காபன் மூடியைத் திறக்க விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். வாங்கிக்கொண்டு வந்ததும் முதல் வேலையாக, அழியாத பேனையால் மெசினின் முதுகிலும் பிளக்கிலும் ‘100’ என்று பெரிதாக எழுதி, அந்தப் பிளக்கைப் பட்டறைச் சுவருக்குப் பொருந்தாத முனையாகவே, ஜப்பானின் தட்டை முனையாகவே விட்டுவையுங்கள். எழுத்தைப் படிக்க மறக்கிற பொடியனையும் அந்த முனை தடுத்து நிறுத்தும்.